ஒன்பதாம் மதகு

எங்கள் சாலையை எங்களுக்காக யாரும் போடவில்லை. எங்களைச் சுடுவதற்குப் பீரங்கி கொண்டுவரப் போட்டார்கள்.

கிரிவோஷியே மலையில் இது எல்லாருக்கும் தெரியும். ராணுவத்தில் கட்டாயம் சேர வேண்டும் என்றதற்கு எங்கள் ஆட்கள் இரண்டு முறை துப்பாக்கியைத் தூக்கினார்கள். இரண்டாவது முறை அடக்கி முடித்ததும் ஷ்வாபன் ரிசான் கடற்கரையிலிருந்து உச்சிக் கோட்டை வரை மலையை வெட்டிச் சாலை போட்டான். ஷ்வாபன் என்று நாங்கள் சொல்வது ஆஸ்திரியப் படைக்காரனை. அவன் போய் நூறு வருஷத்துக்கு மேலாகிறது. பெயர் மட்டும் போகவில்லை.

பீரங்கிகளைக் குதிரைகள் இழுத்தன. குதிரைக்கு மூச்சு முட்டக் கூடாது என்று ஏற்றத்தை எங்கும் ஒரே அளவில் வைத்திருக்கிறார்கள். அதனால் சாலை நீளம். கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பி, அவசரமில்லாமல் ஏறும். டயாலிசிஸ் முடிந்து வரும் என் அம்மாவுக்கு வேறு எந்தச் சாலையிலும் வாந்தி வரும். இதில் வராது.

செவ்வாய், வியாழன், சனி. காலை ஏழுக்கு மழைமானியைப் பார்த்துக் குறித்துவிட்டு அம்மாவைப் பழைய காரில் உட்கார வைப்பேன். கீழே ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் அவளுடைய ரத்தம் இயந்திரத்துக்குள் போய் வரும். நான் நடைவழியில் உட்கார்ந்திருப்பேன். மதியத்துக்கு மேல் திரும்புவோம்.

திரும்பும்போது அம்மா கண்ணை மூடிக்கொண்டு மதகுகளை எண்ணுவாள். மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் சாலைக்கு அடியில் போக ஷ்வாபன் முப்பது மதகுகள் கட்டியிருந்தான். கார் ஒவ்வொன்றின் மேல் ஏறும்போதும் சக்கரத்தில் ஒரு சின்ன உதறல் வரும். குமட்டலை மறக்க அம்மா கண்டுபிடித்த வழி அது.

"ஏழு... எட்டு... ஷ்வாபன் தூங்கிட்டான்... பத்து."

ஒன்பது கிடையாது. எண் செதுக்கிய கற்கள் சாலையோரம் வரிசையாக நிற்கின்றன. கீழே ஒவ்வொரு மதகு வளைவின் நடுக்கல்லிலும் அதே எண் இருக்கிறது. எட்டுக்குப் பிறகு பத்து. மலையை மயிரளவு பிசகாமல் அளந்தவனுக்கு ஒன்பது எண்ணத் தெரியவில்லை என்பது எங்கள் ஊரின் பெரிய சொத்து. த்ராகோவ் தோ என்ற எங்கள் ஊரில் இருப்பது ஏழு வீடுகள். கல்யாணமானாலும் கருமாதியானாலும் யாராவது ஒருவர் அதைச் சொல்வார், எல்லாரும் புதிதாகக் கேட்பது போலச் சிரிப்பார்கள்.

நானும் சிரித்திருக்கிறேன். இயற்பியல் படித்துவிட்டு வந்தும் சிரித்தேன்.

அம்மாவின் சிறுநீரகம் நின்றபோது நான் தலைநகரில் கடைசித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்ததும் மழைமானி வேலை கிடைத்தது. இந்த மலையில் பெய்கிற மழை ஐரோப்பாவில் வேறெங்கும் பெய்யாது என்பார்கள். அதனால் அதை அளக்க ஒரு ஆள் வேண்டும். "பதினாறு வருஷம் படிச்சுட்டு வாளியில தண்ணி அளக்குறா" என்று அம்மா வருகிற போகிறவரிடமெல்லாம் சொல்வாள். பெருமையாகத்தான் சொல்கிறாள் என்று நினைக்கிறேன்.

போன கோடைக்கு முந்தின கோடையில் சாலைக்குப் புதுத் தார் போட்டார்கள். போட்டவர்கள் தாரை அகலமாக்கும் ஆசையில் மலைப்பக்கத்து ஓரவாய்க்காலை மூடிவிட்டார்கள். அதற்கடுத்த இலையுதிர் காலத்தில் எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் தாரில் ஒரு கீறல் விழுந்தது. இந்த வருஷம் அக்டோபரில் கீறலுக்குள் என் சுண்டுவிரல் போனது.

நூலில் ஒரு திருகாணியைக் கட்டி, சாலையைத் தாங்கும் கல்சுவரின் மேலிருந்து தொங்கவிட்டுப் பார்த்தேன். சுவருக்கு வயிறு வைத்திருந்தது. முதல் வாரம் நாலு சென்டிமீட்டர். மூன்றாவது வாரம் ஏழு.

சாலை அலுவலகத்துக்குப் போன் செய்ய எனக்கு இரண்டு நாள் ஆனது. என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு செய்தேன். எடுத்தவர் நல்லவர். வசந்த காலத்தில் வந்து பார்க்கிறோம் என்றார். வசந்த காலம் வரைக்கும் என் அம்மா எழுபது முறை அந்த இடத்தைக் கடந்து போய்வர வேண்டும் என்பதைத் தாளில் எழுதியிருந்தேன். சொல்ல வாய் வரவில்லை.

மறுபக்கம் ஒரு வழி இருக்கிறது. கிராஹோவோ வழியாக மூன்று மணி நேரம். பனி விழுந்தால் அதுவும் இல்லை. ரிசானில் இருக்கும் சித்தி மகள் தன் வீட்டில் ஒரு அறை தருவதாகச் சொன்னாள். அம்மாவிடம் கேட்டேன்.

"வாரத்துல மூணு நாள் கீழ கெடக்குறேன்ல, போதாதா?" என்றாள். "மீதி நாலு நாளு என் வீட்டுல நான் இருக்கணும். அதுக்காகத்தாண்டி அந்த மூணு நாளு."

அதன் பிறகு நான் கேட்கவில்லை. சாலை நின்றால்தான் அம்மா அவள் வீட்டில் இருக்க முடியும். இரண்டு முறை இயந்திரம் தவறினால் எங்குமே இருக்க முடியாது.

நவம்பர் முதல் ஞாயிறன்று அளக்கும் நாடாவை எடுத்துக்கொண்டு சாலையில் நடந்தேன். மலைச்சரிவு மடிகிற ஒவ்வொரு இடத்திலும் தண்ணீர் இறங்கும். ஒவ்வொரு மடிப்பிலும் ஷ்வாபன் ஒரு மதகு வைத்திருக்கிறான். ஒரு இடத்தில்கூட அவன் தவறவில்லை. எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் நல்ல ஆழமான ஒரு மடிப்பு இருந்தது. அங்கே மதகு இல்லை.

மடிப்பு சாலையைத் தொடும் இடத்தில் கற்குவியல் ஒன்று கிடந்தது. பக்கத்து வயல் ஒப்ராத் மாமாவுடையது. எங்கள் வயல்களில் மண்ணைவிடக் கல் அதிகம். உழும்போது வருகிற கல்லை ஓரத்தில் எறிவோம். அவர்கள் வீட்டில் நாலு தலைமுறையாக இந்த ஓரத்தில் எறிந்திருக்கிறார்கள்.

சாலைக்குக் கீழே, அதே நேரில், ஒப்ராத் மாமாவின் சீஸ் கொட்டகை இருந்தது. கல் கட்டடம். முதுகைச் சாலைச் சுவரில் சாய்த்துக்கொண்டு நிற்கும். உள்ளே அவருடைய கொள்ளுத்தாத்தா யாகோவ் தன் கையால் தோண்டிய குகை இருக்கிறது, அதில்தான் சீஸ் முதிர்கிறது என்று ஊருக்குத் தெரியும். யாரும் பார்த்ததில்லை. வெளி ஆள் மூச்சு பட்டால் சீஸ் கெட்டுவிடும் என்று அந்த வீட்டார் தவிர யாரையும் உள்ளே விடமாட்டார்கள். கோடையில் அந்தக் கதவுக்கு அடியில் ஜில்லென்று காற்று வரும். சின்ன வயதில் நாங்கள் அங்கே காலை நீட்டிக்கொண்டு உட்காருவோம்.

ஒரு பக்கம் மூடிய குகையிலிருந்து காற்று வராது.

கற்குவியலின் மேல் ஏறி, செம்மறி ரோமத்தில் ஒரு துணுக்கை எடுத்துக் கற்களின் இடுக்கில் பிடித்தேன். அது மெதுவாக உள்ளே சாய்ந்தது. விட்டேன். போய்விட்டது.

ஷ்வாபனுக்கு எண்ணத் தெரிந்திருந்தது.

அம்மாவிடம் குகை விஷயத்தைச் சொல்லிவிட்டு அன்று சாயங்காலமே ஒப்ராத் மாமா வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். அறுபது வயது தாண்டிய மனிதர், என் அப்பாவின் கூட்டாளி. குரலை இறக்கிப் பேசத் தெரியாது.

"வாடி மழைக்காரி! நாளைக்கு என்ன, வெயிலா?"

"மழை, மாமா."

"இதச் சொல்லத்தான் பட்டணத்துல படிக்க வச்சாங்களா? என் முழங்காலே சொல்லுது."

உள்ளே உட்கார வைத்தார். காபி வந்தது. சீஸ் வந்தது. இன்னும் இரண்டு வாரத்தில் புனித மிக்கேல் நாள், அவர்கள் வீட்டுக் காவல் புனிதர். நாற்பது பேர் வருவார்கள், எல்லாரும் சீஸ் கேட்பார்கள். இந்த வருஷம் குகைச் சுவர் ஏனோ வியர்க்கிறது, அதுதான் கவலை என்றார். நான் தலையாட்டினேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தை மூன்று முறை தொடங்கப் போனேன். நாற்பது பேர் என்றதும் விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா என் கையைப் பார்த்தாள்.

"குகையப் பத்திக் கேக்கப் போன. சீஸோட வந்திருக்க."

"குடுத்தாங்க. வேண்டாம்னு சொல்ல முடியல."

"அதச் சொல்ல முடியல, இதச் சொல்ல முடியல. உன்னப் பெத்தப்பகூட நீ அழல. மருத்துவச்சி பயந்துட்டா."

அம்மாவுக்கு சீஸ் கூடாது. டயாலிசிஸ்காரர்களுக்கு அதிலுள்ள பாஸ்பரஸ் ஆகாது. துண்டைக் கையில் வாங்கி மோந்து பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தாள்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு மழைமானியில் நூற்று அறுபத்து நாலு மில்லிமீட்டர் இருந்தது. ஒரே இரவில். குறிப்பேட்டில் எழுதும்போதே தாள் நனைந்தது. வானம் மலைமேல் இறங்கி உட்கார்ந்திருந்தது. நிற்கிற மழையாகத் தெரியவில்லை.

சாலைக்கு ஓடினேன். கற்குவியலுக்குப் பின்னால் மடிப்பு முழுவதும் குளமாகியிருந்தது. வாய்க்கால் இல்லாததால் தண்ணீர் எட்டாம் மதகுக்கு இறங்க முடியாமல் அங்கேயே நின்று சாலையின் உடம்புக்குள் ஊறிக்கொண்டிருந்தது. கீறலில் என் கை முழுவதும் போனது. நூலைத் தொங்கவிட்டேன். பதினோரு சென்டிமீட்டர்.

நாளை வியாழன்.

கீழே கொட்டகை வாசலில் ஒப்ராத் மாமா வாளியால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து கால் கனத்துக்குத் தண்ணீர் வந்தது.

"மாமா."

"இப்ப வராத, கண்ணு. குகை ஒழுகுது. நாலு தலைமுறையா ஒழுகாத குகை."

"அது குகை இல்ல, மாமா."

அவர் நிமிர்ந்தார்.

"மதகு. ஒன்பதாவது மதகு." குரல் எனக்கே கேட்கவில்லை. மழைச் சத்தத்தில் மறுபடி கத்த வேண்டியிருந்தது. "ஒன்பதாவது மதகு! பின்சுவர எடுத்தாத்தான் தண்ணி போகும். இல்லேன்னா ரோடு இன்னிக்கே விழுந்துடும்!"

நான் அவரிடம் குரலை உயர்த்தியதே இல்லை. யாரிடமும் உயர்த்தியதில்லை. அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"இது எங்க யாகோவ் தாத்தா தோண்டினது."

"தோண்டல."

"ஏ பொண்ணே, அந்தாளு ஷ்வாபன எதுத்துத் துப்பாக்கி தூக்குனவரு. தோள்ல குண்டு வாங்குனவரு. அந்தப் பரம்பரையில வந்தவன் ஷ்வாபனோட ரோட்டுக்காகத் தன் சீஸக் கொட்டணுமா? விழுந்தா விழட்டும்! எங்க தாத்தா ஆசப்பட்டது நூத்து நாப்பது வருஷம் கழிச்சாவது நடக்கட்டும்!"

நான் அவரைத் தாண்டி உள்ளே போனேன்.

"ஏய்! மூச்சு! மூச்சு படக் கூடாது!"

இருபுறமும் மரத்தட்டுகள். தட்டுகளில் வட்ட வட்டமாக சீஸ். நடுவே ஒரு ஆள் நிமிர்ந்து நடக்கிற அளவு வளைவு. வருஷா வருஷம் அடித்த சுண்ணாம்பு விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. கடைசியில் சேறு பூசிய கல்சுவர். அதன் உச்சியில் உள்ளங்கை அளவு துவாரம். கோடையில் காற்று வந்த வழி. இப்போது தண்ணீர் அதில் பீறிட்டுக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து, வளைவு தொடங்கும் இடத்தில் ஒரு பால் கேனைக் கவிழ்த்துப் போட்டு ஏறினேன். வீட்டுச் சாவியால் நடுக்கல்லின் சுண்ணாம்பைச் சுரண்டினேன். பெயர்ந்து பெயர்ந்து விழுந்தது. கண்ணில் விழுந்தது. முதலில் ஒரு வட்டம் தெரிந்தது. பிறகு வால்.

ஒப்ராத் மாமா கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மழைத் தண்ணீர் மீசையிலிருந்து சொட்டியது.

"அப்ப அவருக்குத் தெரியும்" என்றார்.

"யாருக்கு?"

"யாகோவ் தாத்தாவுக்குத்தான். ரோடு போட்டப்ப அவரு உயிரோடதான் இருந்தாரு. கண்ணு முன்னாடி கட்டியிருக்கான்." பேசப் பேச அவர் குரல் மாறியது. "ஷ்வாபனுக்கு ஒன்பது எண்ணத் தெரியலன்னு ஊருக்கு முதல்ல சொன்னது யாரு தெரியுமா? அவருதான். எங்க அப்பா சொல்லியிருக்காரு. மேல கல்லக் கொட்டி வாய அடச்சு, கீழ கொட்டகையக் கட்டி மறச்சு, ரோட்டோரத்து நம்பர் கல்லப் புடுங்கிப் போட்டு... களவாணிக் கிழவன்! பட்டாளத்தோட மதகத் திருடி சீஸ் வச்சிருக்கான்!"

சிரிக்கத் தொடங்கினார். தட்டைப் பிடித்துக்கொண்டு, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நூற்று நாற்பது வருஷமாக ஊர் முழுவதும் சிரித்த சிரிப்பு வேறு. இது அவர் மட்டும் சிரித்த சிரிப்பு. எனக்கும் வந்தது. பால் கேன் மேல் நின்றபடி சிரித்தேன்.

பிறகு அவர் நிறுத்தினார். தட்டுகளைப் பார்த்தார். ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார்.

"நாளைக்கு வியாழன்ல?" என்றார்.

"ஆமா."

"அண்ணி கீழ போகணும்."

"ஆமா, மாமா."

"அப்பறம் ஏன் ஞாயித்துக்கெழம காபி குடிச்சுட்டுச் சும்மா போன, மண்டு?"

அவர் கைகளை வாயருகே குவித்து, மலையைப் பார்த்து, வீடு வீடாகப் பெயர் சொல்லிக் கத்தினார். போன் செய்திருக்கலாம். கத்தினால்தான் சீக்கிரம் வருவார்கள்.

வந்தார்கள். ஏழு வீட்டு ஆட்களும் கொட்டகையிலிருந்து எங்கள் வீடு வரை மலையில் நேராக ஏறும் கல்படியில் வரிசையாக நின்றார்கள், எங்கள் வீடுதான் பக்கம். சீஸ் கை மாறிக் கை மாறி மேலே போனது. மழை கனத்தது. ஒப்ராத் மாமா ஒவ்வொன்றையும் தூக்கிக் கொடுக்கும்போது "மெதுவா, கழுத, மெதுவா" என்றார். கழுதை என்றது வாங்குகிறவரையா சீஸையா என்று தெரியவில்லை.

வாசலில் அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எங்கே வைப்பது என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேஜை நிறைந்தது. என் கட்டில் நிறைந்தது.

"ஒப்ராத்! வாழ்நாள் முழுக்க ஒரு வட்டம் முழுசா குடுத்ததில்ல. திங்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதும் வீடு நெறயக் கொண்டாந்து குவிக்கிற!"

"நல்லா மோந்து பாருங்க அண்ணி, அதுக்குக் காசு இல்ல!"

பின்சுவரை எப்படி எடுப்பது என்று எல்லாரும் பேசினார்கள். கடப்பாரையுடன் உள்ளே போகிறேன் என்று ஒப்ராத் மாமா கிளம்பினார். நான் வழியில் நின்றேன்.

"போகக் கூடாது. பின்னாடி ஒரு குளமே நிக்குது. சுவர் விடும்போது எதிர்ல யாரும் இருக்கக் கூடாது."

"அப்ப எப்படி?"

"டிராக்டர். சங்கிலி. கீழ் வரிசைக் கல்லுல மாட்டி, வெளியில பக்கவாட்டுல நின்னு இழுக்கணும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு முகம் சூடானது. ஆனால் பார்வையைத் தரையில் போடவில்லை. கணக்கு சரியாக இருந்தது, அதனால் போடவில்லை.

சங்கிலியை மாட்ட ஒப்ராத் மாமாதான் உள்ளே போனார். வேறு யாரையும் விடமாட்டேன் என்றார். அது அவர் வீட்டுக் குகை. அவர் திரும்பி வரும்வரை நான் வாசலில் நின்று மனசுக்குள் எண்ணினேன். நாற்பத்தேழு வரை போனது.

டிராக்டர் ஆட்டுப்பாதையில் ஓரமாக நின்றது. அவரே ஏறி உட்கார்ந்தார். சங்கிலி விறைத்தது. சக்கரம் சேற்றில் சுழன்றது. இரண்டாவது முறை விறைத்தது. உள்ளே ஏதோ உறுமியது.

கல் வந்தது. அதன் பின்னால் தண்ணீர் வந்தது. செம்மண் நிறத்தில் வளைவு நிறைய வந்தது. கதவைத் தூக்கி எறிந்தது. தட்டுகள் வந்தன, பால் கேன் வந்தது, கொட்டகையின் முன்சுவர் மடங்கி அதனுடன் போனது. கீழே பள்ளத்தில் விழும் சத்தம் மார்பில் அதிர்ந்தது. ஒப்ராத் மாமா இயந்திரத்தை அணைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

கால் மணி நேரம் அப்படி ஓடியது. பிறகு நிறம் வெளுத்தது.

நான் சாலைக்கு ஏறிப் பார்த்தேன். மடிப்பில் குளம் இறங்கிக்கொண்டிருந்தது. கற்களின் இடுக்கில் தண்ணீர் சுழன்று உள்ளே போனது, ஞாயிற்றுக்கிழமை அந்த ரோமம் போனது போல. மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நூலைத் தொங்கவிட்டேன். இரண்டு முறையும் பதினொன்றே.

ஒப்ராத் மாமா என் பக்கத்தில் வந்து நின்றார். நான் வாயைத் திறந்தேன். அவர் கையை ஓங்கினார், அடிப்பது போல.

"நன்றின்னு மட்டும் சொன்ன, பாத்துக்கோ. என்கிட்ட ஏன் சொல்ற? நாங்க நூத்து நாப்பது வருஷம் வாடகை குடுக்காம இருந்திருக்கோம். அந்தக் கல்லச் செதுக்குனவன்கிட்டச் சொல்லு."

"அவர் பேர் தெரியாதே."

"என் கொள்ளுத்தாத்தாவச் சுட வந்தவன். அவ்வளவுதான் தெரியும்." குனிந்து தண்ணீரைப் பார்த்தார். "நல்லாத்தான் கட்டியிருக்கான், பாவி."

மறுநாள் காலை மழை தூறலாகியிருந்தது. கீறலைத் தாண்டுவதற்கு முன் அம்மாவை இறக்கி நடக்க வைத்துவிட்டுக் காரை மட்டும் மலைப்பக்கமாக ஒட்டி ஓட்டினேன். மறுபக்கம் ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிஷம் தாமதம். அவள் மேல் சீஸ் வாசம் அடிப்பதாக நர்ஸ் சொன்னாள். ஒன்றும் தின்னவில்லை என்று அம்மா எல்லாப் புனிதர்கள் மேலும் சத்தியம் செய்தாள். நர்ஸ் நம்பவில்லை. ரத்தப் பரிசோதனை வந்த பிறகுதான் நம்பினாள்.

அலுவலகத்துக்கு மறுபடி போன் செய்தேன். இந்த முறை தாளில் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. சாலை எவ்வளவு சரிந்திருக்கிறது, எந்த மதகு திறந்திருக்கிறது, வாய்க்காலை எங்கே வெட்ட வேண்டும், என் அம்மா எந்தெந்தக் கிழமை வருகிறாள் என்று சொன்னேன். அதே நல்ல மனிதர்தான். திங்கட்கிழமை ஆள் அனுப்புவதாகச் சொன்னார். திங்கட்கிழமை ஆள் வந்தது.

அந்த வியாழன் மதியம் திரும்பும்போது அம்மா வழக்கம் போலக் கண்ணை மூடிக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது. நான் மெதுவாக ஓட்டினேன். ஏற்றம் குதிரைகளுக்காக வைத்த அதே ஏற்றமாக எங்களை மேலே கொண்டுபோனது.

"ஆறு... ஏழு... எட்டு..."

பிறகு நிறுத்தினாள்.

"வண்டிய நிறுத்துடி."

வாந்தி என்று நினைத்துப் பையை எடுத்தேன். வேண்டாம் என்று கையாட்டினாள். கண்ணாடியை இறக்கச் சொன்னாள். இறக்கினேன். இயந்திரத்தை அணைத்தேன்.

சாலைக்கு அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவசரமில்லாத சத்தம். கீழே இடிந்த கொட்டகையில் ஒப்ராத் மாமா குனிந்து கற்களைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். நடுக்கல் எங்களுக்குத் தெரியவில்லை. மீதிச் சுண்ணாம்பையும் காலையில் அவரே சுரண்டி எடுத்திருந்தார்.

அம்மா குனிந்து வெளியே தலையை நீட்டினாள்.

"ஒப்ராத்! உன் சீஸ் வாசத்துல ராத்திரி முழுக்கத் தூங்கல நான்!"

"அப்ப மிக்கேல் நாளுக்கு எல்லாரையும் உங்க வீட்டுக்கே வரச் சொல்லிடுறேன், அண்ணி!"

"வரச் சொல்லு! நாப்பது பேரும் வரட்டும்! வீட்டுலதான் இருப்பேன்!"

கண்ணாடியை ஏற்றச் சொன்னாள். சாய்ந்துகொண்டாள். நான் காரைக் கிளப்பினேன். கீறலுக்கு முன்னால் அவள் மறுபடி இறங்கி நடக்க வேண்டியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்தாள். ஈரத் தாரில் அவளுடைய செருப்புச் சத்தமும் அடியில் தண்ணீர்ச் சத்தமும் கேட்டன. நடுவில் நின்று சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள், பிறகு குனிந்து, சாலையோரத் தடுப்புக் கல்லை, ஒரு மாட்டைத் தட்டுவது போல, இரண்டு முறை தட்டினாள்.

"ஒன்பது" என்றாள்.

நான் திரும்பிப் போய்க் காரை ஓட்டி வந்தேன், ஏறியதும் தூங்கிவிட்டாள். பத்திலிருந்து வீடு வரை நான்தான் எண்ணினேன்.